மடிப்புப் பட்டை ஒட்டுப்போர்வை: கையால் தைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரவிக்கை வெட்டியது போக மிஞ்சிய துண்டு, கரை மட்டும் நன்றாக இருக்கும் பழைய லுங்கி, சாயம் போகாத உள்பாவாடை. இப்படி ஒரு மூட்டை கொங்கு நாட்டில் பாதி வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. அதை வைத்து ஊசி நூலால் மட்டும் ஒரு போர்வை தைக்கலாம் என்று சொன்னவுடன் வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மடிப்புப் பட்டைக் கட்டம் என்றால் என்ன?

சதுரமான ஒரு அடித்துணி. அதன் நடுவில் ஒரு சிறு சதுரம், வழக்கமாகச் சிவப்பு. அதைச் சுற்றி நான்கு பக்கமும் நீளமான துணிப் பட்டைகளை வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டே வெளியே போக வேண்டும். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். அமெரிக்காவில் 1860களிலிருந்து பரவலான லாக் கேபின் கட்டமும் இதே அமைப்புதான். இதில் என்ன வித்தியாசம் என்றால், ஒவ்வொரு பட்டையும் தட்டையாகப் படியாது. தையலுக்கு உள்பக்கமாக ஒரு மடிப்பு விட்டு, திருப்பி வெளியே கொண்டு வருவோம். தைத்து முடித்த கட்டத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது போல மடிப்புகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

இது நம் ஊர்த் தையலா?

இல்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவின் பாரம்பரியத் தையல். அங்கே சிறு விவசாயக் குடும்பத்துப் பெண்கள் அளவுகோல் இல்லாமல் கையாலேயே அளந்து, துணியைக் கையால் கிழித்துத் தைத்து வந்தார்கள். நடுவிலுள்ள சிவப்புச் சதுரம் வீட்டு அடுப்பின் நெருப்பைக் குறிப்பதாகச் சொல்வார்கள்.

ஆனால் சாணும் விரற்கடையும் முழமும் வைத்து அளந்தவர்கள்தானே நாமும். பூக்காரம்மா இன்றைக்கும் முழம் போட்டுத்தான் பூ விற்கிறார். கை அளவு நமக்குப் புதுசு இல்லை. அதனால் இந்தத் தையல் நம் வீட்டுப் பெண்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

உள்ளே பஞ்சு வைக்க வேண்டாமா?

வேண்டாம். மடிப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் பட்டைத் துணியே இரண்டு மூன்று அடுக்காக விழுகிறது, கீழே அடித்துணி வேறு. அந்தக் கனமே போதும். ஆடிக் காற்றுக்கும் மார்கழிப் பனிக்கும் நம் ஊரில் இதற்கு மேல் கனமாக எதுவும் தேவைப்படாது. மெல்லிய துணியிலேயே தைத்தால் சித்திரையில்கூட விடியற்காலை காலில் போட்டுக்கொள்ளலாம்.

என்னென்ன சாமான் வேண்டும்?

மெல்லிய கை ஊசி, 8 அல்லது 9ஆம் நம்பர். நல்ல பருத்தி நூல். குண்டூசி கொஞ்சம். நூல் வெட்ட ஒரு கத்தரிக்கோல். நடுவிரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாமலிருக்க மாட்டும் விரல் மூடி) இருந்தால் நல்லது, ஏனென்றால் மூலைகளில் ஐந்தாறு அடுக்குத் துணியில் ஊசியைத் தள்ள வேண்டியிருக்கும். சட்டம், மேஜை, இஸ்திரிப்பெட்டி எதுவும் கட்டாயமில்லை. திண்ணையிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்து தைக்கலாம்.

திருப்பூர் பனியன் துணி வெட்டுத்துண்டு மூட்டையாகக் கிடைக்கிறது. அதில் தைக்கலாமா?

நம் பக்கத்தில் முதலில் வரும் கேள்வியே இதுதான். கிலோ கணக்கில், எல்லா நிறத்திலும், மலிவாகக் கிடைக்கிறது என்பதால் ஆசை வருவது இயல்பு. இருந்தாலும் இந்தத் தையலுக்குப் பனியன் துணி ஒத்துவராது.

பனியன் துணி நெய்தது அல்ல, நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னியது. நீளவாட்டில் ஓடும் பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடை இழையும் அதில் கிடையாது. அதனால் கையால் கிழித்தால் நேராகப் போகாது. கத்தரியால் வெட்டினாலும் ஓரம் சுருண்டுகொள்ளும். தைக்கும்போது இழுபட்டு நீளும், தைத்த பிறகு சுருங்கும். விரலால் நீவினால் மடிப்பு நிற்காது. இந்தக் கட்டம் முழுக்க நேரான இழையையும் நிற்கும் மடிப்பையும் நம்பித்தான் இருக்கிறது.

அந்த மூட்டை வீண் போய்விடாது. மிஷின் துடைக்கவும், பிரித்து மறுபடி நூலாக்கும் மில்லுக்கும் அது போகிறது. வீட்டில் மிதியடி பின்ன அருமையான துணி. பட்டையாக வெட்டிச் சடை போலப் பின்னி, சுருட்டித் தைத்தால் ஒரு மிதியடி ஆகிவிடும்.

அப்படியானால் எந்தத் துணி நல்லது? எங்கே தேடுவது?

நெய்த பருத்தி. மெல்லியதாக, இறுக்கமான நெசவாக இருக்க வேண்டும்.

முதல் இடம் ரவிக்கைத் துணிக்குத்தான். உங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் ஒரு பையைக் கொடுத்து, "வெட்டு மிஞ்சுனா இதுல போட்டு வைங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். லைனிங் வெட்டிய மிச்சமும் அதிலேயே வரும். அதில் கைக்குழி வளைவில் வெட்டிய துண்டுகள் இழைக்குச் சாய்வாக இருக்கும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். நேர் வாட்டத் துண்டுகள் மட்டும் நமக்கு.

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் கிடைக்கும் பருத்தி லுங்கித் துணி பழகுபவர்களுக்கு மிக நல்லது. கட்டம் போட்ட லுங்கியில் கோடே வழிகாட்டி. கிழிக்கும்போதும் தைக்கும்போதும் கோட்டைப் பார்த்துப் போனால் போதும். ஈரோடு ஜவுளிச் சந்தையில் துண்டுத்துணி தேடினால் பாப்ளின், காடா (வெளுக்காத பருத்தித் துணி) எல்லாம் கிடைக்கும். சோமனூர், பல்லடம் விசைத்தறிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காடா துணிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு தண்ணீர் அலசிக் கஞ்சி போக்கிவிட்டால் அடித்துணிக்கு ஏற்றது. அதைவிட நல்ல அடித்துணி பழைய வேட்டி. ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும்.

கரூர் மேஜைவிரிப்பு, திரைச்சீலைத் துண்டுகளும் சென்னிமலைப் பெட்ஷீட் துண்டுகளும் நெய்தவைதான், உழைப்பவைதான். ஆனால் பெரும்பாலும் தடிமன் அதிகம். மடிப்பில் போட்டால் கட்டம் கட்டையாகிவிடும். அவற்றை ஓரப்பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுச்சேலைத் துண்டு வேண்டாம், ஜரிகை நூலை அறுக்கும். பூனம், நைலக்ஸ் வகையும் வேண்டாம், விரல் மடிப்பு அதில் நிற்காது. பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் இரண்டு இழையை உருவி வெளியே வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

ஸ்கேல் இல்லாமல் எப்படி அளப்பது?

அடித்துணி: ஒரு சாணும் ஒரு கட்டைவிரல் நீளமும் சேர்ந்த சதுரம். நடுச் சதுரம்: நடுவிரல் நீளம். பட்டையின் அகலம்: கட்டைவிரல் நீளம். மடிப்பின் ஆழம்: கட்டைவிரலின் மேல் கணுவில் பாதி. ஓரத்திலிருந்து தையல் விழும் தூரம்: சுண்டுவிரல் அகலத்தில் பாதி.

சராசரிப் பெண் கைக்கு இது சென்டிமீட்டரில் ஏறக்குறைய இப்படி வரும்: அடித்துணி 26, நடுச் சதுரம் 7.5, பட்டை 6, மடிப்பு 1.5, ஓரம் 0.6. இந்தக் கணக்கில் ஐந்து சுற்று தைத்தால் அடித்துணியின் ஓரம் வரை சரியாக வந்து சேரும். வெளியே தெரியும் பட்டை ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

உங்கள் கை சிறியதோ பெரியதோ, கவலையே வேண்டாம். சாண் சிறுத்தால் விரலும் அதற்கேற்ப சிறுத்துத்தான் இருக்கும், கட்டம் தன் அளவில் சரியாக வந்துவிடும். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு போர்வைக்கு ஒரே கை. இந்தத் தையலின் மொத்தக் கணக்கும் ஒரு கைக்குள் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவுகளை வைத்துத்தான் நடக்கிறது. அடித்துணியை மாமியார் சாணால் அளந்து, பட்டையை மருமகள் விரலால் கிழித்தால் ஐந்தாவது சுற்று அடித்துணியைத் தாண்டி வெளியே போகும், அல்லது எட்டாமல் நிற்கும். இரண்டு பேர் தைத்த கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓரம் சேராது.

வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தைக்க ஆசைப்பட்டால், ஒருவர் கையை அளவாக வைத்துத் தென்னை ஈர்க்குக் குச்சியில் அளவுகளை நறுக்கி, ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுத்துவிடுங்கள். சாண் குச்சி, விரல் குச்சி, மடிப்புக் குச்சி. அப்புறம் யார் தைத்தாலும் அந்தக் கையின் போர்வைதான்.

துணியை வெட்டுவதா, கிழிப்பதா?

கிழியுங்கள். நெய்த துணி இழையோடு ஒட்டித்தான் கிழியும், அதனால் பட்டை தானாகவே நேராக வரும். ஓரத்தில் கத்தரியால் ஒரு விரற்கடை நறுக்கி, இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துத் தயங்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் ஓரம் அலை அலையாகிவிடும். முடிந்தவரை பாவு வாட்டத்தில் கிழியுங்கள், ஊடை வாட்டத்தைவிட இழுபடுவது குறைவு. பிரிந்து தொங்கும் இழைகளை உருவிவிட்டு, பட்டையை ஒருமுறை உதறினால் போதும். ஓரத்தில் நிற்கும் பிசிறு தையலுக்குள் போய்விடும்.

ஒரு கட்டத்தைத் தைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அடித்துணியை மூலைக்கு மூலை மடித்து நகத்தால் நன்றாக நீவுங்கள். பிரித்து, மற்ற இரண்டு மூலைகளையும் அப்படியே. இப்போது துணியில் பெருக்கல் குறி போல இரண்டு மடிப்புக் கோடு விழுந்திருக்கும். கடைசி வரைக்கும் உங்களுக்கு வழிகாட்டி அந்தக் கோடுகள்தான்.

சிவப்புச் சதுரத்தின் நான்கு மூலையும் அந்தக் கோடுகளின் மேல் உட்காரும்படி நடுவில் வைத்து, இரண்டு குண்டூசி குத்துங்கள்.

முதல் வெளிர்ப் பட்டையைச் சதுரத்தின் ஒரு பக்க நீளத்துக்கு எடுத்து, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி சதுரத்தின்மேல் வையுங்கள். பட்டையின் ஓரமும் சதுரத்தின் ஓரமும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஓரத்திலிருந்து அரை சுண்டுவிரல் உள்ளே, பட்டை, சதுரம், அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் (மேலும் கீழுமாக ஊசி ஓட்டிப் போகும் சாதாரணத் தையல்) போடுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இரண்டு குத்து பின்தையல். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமான நூல் முடிச்சு விழுந்து நேரத்தைத் தின்னும்.

இப்போது பட்டை உள்பக்கமாகச் சிவப்பின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. இதைத் தையலோடு ஒட்டித் திருப்பிவிடாதீர்கள். தையலிலிருந்து கட்டைவிரலின் பாதிக் கணு அளவு உள்ளே தள்ளி, அங்கே மடித்து வெளிப்பக்கமாகக் கொண்டு வாருங்கள். பட்டையின் நல்ல பக்கம் மேலே வந்துவிடும். மடிப்பின் முகடு சிவப்பின் ஓரத்தை மூடிக்கொண்டு நிற்கும். தையல் மடிப்புக்கு அடியில் மறைந்துவிடும். மடிப்பை நகத்தால் அழுத்தி நீவி, வெளி ஓரத்தில் குண்டூசி குத்திவிடுங்கள்.

அடுத்த பக்கத்துக்குத் திருப்புங்கள். இரண்டாவது வெளிர்ப் பட்டை, சதுரத்தின் நீளத்தோடு முதல் பட்டையின் நுனியையும் சேர்த்து மூடும் நீளம். அதே தையல், அதே மடிப்பு. மூன்றாவதும் நான்காவதும் அடர் நிறம். நான்கும் முடிந்தால் ஒரு சுற்று. இரண்டாவது சுற்றின் முதல் பட்டையை முதல் சுற்றுப் பட்டையின் வெளி ஓரத்தோடு பொருத்தித் தைத்து, அதே வரிசையில் வெளிர், வெளிர், அடர், அடர் என்று போக வேண்டும். வெளிர் எப்போதும் வெளிர்ப் பக்கத்திலேயே.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூலை நான்கும் மடிப்புக் கோட்டின்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை விலகியிருந்தால் அந்தச் சுற்றிலேயே ஒரு மடிப்பை இழை அளவு ஆழமாகவோ மேலோட்டமாகவோ ஆக்கிச் சரிசெய்துவிடலாம். அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போட்டால் கோணல் இரட்டிப்பாகும்.

ஐந்தாவது சுற்றின் வெளி ஓரத்தை மட்டும் அடித்துணியோடு தைக்காமல் விட்டுவிடுங்கள். காரணம் இணைக்கும் கேள்வியில் வருகிறது.

மடிப்பு கிளம்பிக்கொண்டு நிற்கிறது. ஏன்?

துணியில் பாலியெஸ்டர் கலந்திருக்கும், அல்லது கஞ்சி போகாத புதுத்துணியாக இருக்கும். இரண்டும் இல்லையென்றால் நகத்தால் நீவியது போதவில்லை. கரண்டிக் காம்பால் ஒரு அழுத்து அழுத்துங்கள்.

சிறு சிறு துண்டாக இருக்கிறது. ஒட்டுப் போட்டுப் பட்டை ஆக்கலாமா?

வேண்டாம். ஒட்டுத்தையல் மடிப்புக்குள் போனால் அந்த இடம் மட்டும் முண்டாக நிற்கும். நீளம் குறைந்த துண்டுகள் எல்லாம் முதல் இரண்டு சுற்றுக்கு. நீளமானவற்றை நான்காம், ஐந்தாம் சுற்றுக்கு என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொண்டால் ஒரு துண்டும் வீணாகாது.

நிறம் சேர்ப்பதில்தான் குழப்பம். எது வெளிர், எது அடர்?

மாந்துளிர் தனியாகப் பார்த்தால் வெளிர் மாதிரி இருக்கும், சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அடராகிவிடும். அதனால் துணிகளைத் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எது எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். நடுவாந்தரமாகத் தெரிவதை ஒதுக்கிவிடுங்கள்.

மயில்கழுத்து நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த துணி அது. ஒரு வாட்டத்தில் நீலமாகவும் இன்னொரு வாட்டத்தில் பச்சையாகவும் மின்னும். மடிப்பின் முகட்டில் அது இன்னும் அழகாகத் தெரியும், என் கண்ணுக்கு இந்தத் தையலுக்கென்றே நெய்தது போல இருக்கும். எல்லாப் பட்டையையும் ஒரே வாட்டத்தில் கிழியுங்கள், அடர்ப் பக்கத்தில் வையுங்கள்.

நடுச் சதுரம் சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு போர்வை முழுக்க ஒரே நிறமாக இருக்கட்டும். பட்டைகள் எத்தனை விதமாக இருந்தாலும் நடுச் சதுரம் ஒன்றாக இருந்தால் போர்வை சிதறித் தெரியாது. அரக்கு நிறம் நன்றாகவே இருக்கும்.

சாயம் இறங்கினால்?

தைப்பதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் தனித்தனியாக வெந்நீரில் ஒரு வெள்ளைத் துணியோடு ஊறவையுங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கும் வரை அலசுங்கள். நாலு அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம். உப்புப் போட்டால் நின்றுவிடும் என்று சொல்வதை நம்பி ஒரு போர்வையைப் பணயம் வைக்காதீர்கள்.

அம்மாவின் சேலை இருக்கிறது. கிழிக்க மனசு வரவில்லை.

மனசு வராதவரை கிழிக்காதீர்கள். அவசரம் ஒன்றுமில்லை.

வந்த பிறகு, முந்தியைத் தனியாக எடுத்து அப்படியே மடித்து வையுங்கள். உடல் பகுதியில் மடிப்பு ஓடிய இடங்கள் இழைத்துப் போயிருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்தால் இழை விலகும் இடங்கள் பட்டைக்கு உதவாது. கெட்டியாக இருக்கும் பகுதியை நடுச் சதுரங்களுக்கு வைத்துக்கொண்டால் எல்லாக் கட்டத்திலும் அந்தச் சேலை இருக்கும். என் அம்மாயியின் சுங்குடிச் சேலையை நான் அப்படித்தான் பிரித்தேன். அக்கா தங்கைகள் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு போர்வை, எல்லாவற்றின் நடுவிலும் அந்தப் புள்ளிகள்.

மிஷினில் தைத்தால் சீக்கிரம் முடியாதா?

முடியும். ஆனால் மூலையில் மடிப்பு மேல் மடிப்பு ஏறும் இடத்தில் துணி நகர்ந்துவிடும், மடிப்பை இழை அளவு கூட்டிக் குறைக்கும் வசதியும் போய்விடும். கையால் தைப்பது இதில் பழைமைக்காக அல்ல, வேலை அப்படித்தான் சுத்தமாக வருகிறது. கை பழகியவர்களுக்கு ஒரு கட்டம் இரண்டு மூன்று மணி நேர வேலை.

எத்தனை கட்டம், எவ்வளவு துணி?

ஒரு கட்டத்துக்கு 20 பட்டை, மொத்தமாகச் சுமார் மூன்றரை மீட்டர் நீளம். தைத்து இணைத்த பிறகு கட்டம் 24 சென்டிமீட்டர் சொச்சம் நிற்கும். தொட்டில் குழந்தைக்கு 12 கட்டம், அகலத்தில் மூன்றும் நீளத்தில் நான்குமாக. ஒற்றைக் கட்டிலுக்கு 48 கட்டம், ஆறுக்கு எட்டு. முதலில் குழந்தைப் போர்வையில் ஆரம்பியுங்கள். வளைகாப்புக்கு வரிசை வைக்க அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

கட்டங்களை எப்படி அடுக்குவது?

தரையில் பரப்பித் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒன்று விட்டு ஒரு கட்டத்தை எதிர்த்திசையில் திருப்பி, அடர்ப் பக்கம் அடர்ப் பக்கத்தோடு சேர வைத்தால் சாய்கோடுகள் உழவுச்சால் மாதிரி ஓடும். நான்கு கட்டத்தின் அடர்ப் பக்கங்களை உள்பக்கம் பார்க்க வைத்தால் நடுவில் ஒரு பெரிய அடர்ச் சதுரம் எழும். தைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள், எடுத்து அடுக்கும்போது வரிசை மறந்துவிடும்.

இணைப்பது எப்படி?

இரண்டு கட்டத்தின் நல்ல பக்கங்களை முகத்தோடு முகம் வைத்து, ஐந்தாம் சுற்றுப் பட்டைகளின் வெளி ஓரங்களை மட்டும் ஒன்றோடு ஒன்று தைக்க வேண்டும், அடித்துணியைச் சேர்க்காமல். இதற்காகத்தான் அந்த ஓரத்தைத் தைக்காமல் விட்டது. பிறகு விரித்துக் கவிழ்த்துப் போட்டு, ஒரு அடித்துணி ஓரத்தைத் தட்டையாக வைத்து, மற்றதை அதன்மேல் மடித்து எம்மிங் செய்யுங்கள். இப்படி இணைத்தால் பின்பக்கமும் சுத்தமாக இருக்கும், உள்துணி கட்டாயமில்லை. பின்னால் சதுரத்துக்குள் சதுரமாக ஓட்டுத்தையல் தெரியும், அதை மறைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மறைக்க விரும்பினால் ஒரு மெல்லிய பழைய சேலையை வைத்து, கட்டங்களின் மூலைகளில் முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். சுற்றிலும் ஒரு ஓரப்பட்டை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

துவைப்பது?

குளிர்ந்த தண்ணீரில் சோப்புத்தூள் கொஞ்சமாகப் போட்டு ஊறவைத்து, கையால் அழுத்தி அலசுங்கள். துவைகல்லில் அடிக்க வேண்டாம். நனைந்தால் கனம் ஏறும், அதனால் ஒரே கொடியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும். இரண்டு கொடியில் பரப்பி நிழலில் காயப்போடுங்கள். இஸ்திரி போட்டால் மடிப்புகள் செத்துவிடும். காய்ந்ததும் கையால் ஒரு உதறு உதறி மடித்து வைத்தால் சரி.